ஐந்தில் எத்தனை ஆம்

மார்ச் 4, செவ்வாய்

பிட்ஸ்பர்க்கில் இன்றும் ஈரப்பனி. நாள் முழுக்க மின்கம்பி பிடுங்கும் வேலை. எங்கள் ஐந்து கணினிகளில் ஒன்றைத் திடீரென்று சாகடிக்க வேண்டும். மற்ற நான்கும் குழம்பாமல் வேலையைத் தொடர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாவட்ட ஆம்புலன்ஸ் மையத்துக்கான ஏற்பாடு இது. எந்த வண்டி எந்த வீட்டுக்கு என்று ஐந்தும் சேர்ந்து முடிவெடுக்கும். மூன்று ஒத்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கணினிதான் தலைமை தாங்கலாம். அதையும் வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கும்.

நாற்பது தடவை பிடுங்கினேன். முப்பத்தெட்டாவது தடவை இரண்டு தலைமைகள்.

மார்ச் 5

காரணம் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

எங்கள் குழுத் தலைவர் ரோலண்ட் செய்த புது மாற்றம்தான். முன்பெல்லாம் கணினி தன் வாக்கை எழுதிவைத்துவிட்டு, பிறகுதான் 'போட்டாயிற்று' என்று சொல்லும். இப்போது முதலில் சொல்கிறது, பிறகு எழுதுகிறது. வேகத்துக்காக. இரண்டுக்கும் நடுவில் செத்துப் பிழைத்தால், வாக்குப் போட்டதே அதற்கு நினைவிருக்காது. எழுந்து வந்து இன்னொன்றுக்கும் போடும். இரண்டு தலைமைகளும் ஒரே வண்டியை இரண்டு வீடுகளுக்கு அனுப்பும். ஒரு வீட்டில் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏப்ரல் 2 அன்று மையத்தில் இயங்கத் தொடங்குகிறது.

மார்ச் 6, வியாழன்

ரோலண்ட் அந்த மாற்றத்தைப் பற்றி வழக்கம்போல குழு அரட்டையில் போட்டார்: 'நான்கு மணிக்குள் யாரும் மறுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.' ஐந்து பேர் இருக்கிறோம். யாரும் எதுவும் எழுதுவதில்லை. அதுதான் இங்கே பழக்கம்.

நான்கு வரி எழுதி அழித்தேன். திரும்ப எழுதினேன். என் சோதனையே தப்பாக இருந்தால்? அவர் பதினைந்து வருடமாக இதே வேலையில் இருப்பவர். நான் வந்து ஐந்து மாதம். 3.58க்கு 'ஒரு சந்தேகம்' என்று தட்டினேன் – அனுப்பவில்லை.

நான்கு மணிக்கு அவர்: 'ஐவரும் சம்மதம். நன்றி.'

ஐந்தாவது ஆள் நான்.

மார்ச் 7

இன்றும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வெஸ்ட் வர்ஜீனியாவில் எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து அம்மா பேசினாள். என் அலுவலக அட்டைப் படத்தை, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாளாம்.

"ஆம்புலன்ஸ எல்லாம் எம் பொண்ணுதான் அனுப்புறான்னு சொல்லிட்டேன்டி."

"நான் அனுப்பலம்மா. அது மெஷின்."

"எல்லாம் ஒண்ணுதான். நம்ம வீட்ல யாரு காலேஜ் வாசல மிதிச்சா, சொல்லு."

வேலை நிரந்தரமா என்று 28ஆம் தேதி தெரியும். இப்போது ரோலண்டிடம் சொன்னால், ஏன் வியாழனே சொல்லல என்பார். இன்னிக்குச் சொன்னா மூணு நாள் ஏன் சும்மா இருந்த. நாளைக்குச் சொன்னா நாலு நாள். சொன்னாலும் மாட்டிப்பேன், சொல்லாட்டியும் மாட்டிப்பேன். எந்தப் பக்கம்தான் வெளியே போறது?

மார்ச் 12

பக்கத்து மேசை இமானியோடு சாப்பாடு. பொரித்த பிரோகி, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரி. பாதிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

"என்னடி சுரங்கத்துக்காரி, தட்டையே முறைக்கிற?"

"ரோலண்டோட மாற்றத்தப் படிச்சியா நீ?"

"இல்லையே. நீதான் கம்பியப் பிடுங்கிட்டே திரியுற. ஏதாவது இருந்தா கத்துவேன்னு விட்டுட்டேன்."

"நான் எப்ப கத்தியிருக்கேன்?"

மென்றுகொண்டே யோசித்தாள். "அதுவும் சரிதான்."

மற்ற இருவரில் ஒருவர் போன வியாழன் பல் டாக்டரிடம் போயிருந்தார். இன்னொருவர் விடுப்பு. அப்படியானால் அந்த ஐந்து ஆம்களில் உண்மையானது ஒன்றுதான்.

பதில் வராத கணினியைச் செத்துவிட்டது என்று மற்றவை நினைக்கலாம். மெதுவாக இருக்கிறது என்று நினைக்கலாம். சம்மதித்துவிட்டது என்று மட்டும் ஒருபோதும் நினைக்காது. நிரலில் அப்படி ஒரு வரி நான் எழுதியிருந்தால் ரோலண்டே என்னைத் துரத்தியிருப்பார்.

மார்ச் 13, வியாழன்

முடிந்துபோன அந்தச் செய்திக்குக் கீழேயே எழுதினேன்: 'எனக்குச் சம்மதம் இல்லை.' சோதனைப் பதிவையும் சேர்த்தேன். அனுப்பிவிட்டுக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ரோலண்ட் மேசைக்கே வந்தார். "ஷெல்பி, இது போன வாரமே முடிஞ்சுபோச்சு."

"தெரியும்."

"எப்ப கண்டுபிடிச்ச?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். "அஞ்சாம் தேதி."

"எட்டு நாளா வாயைத் தச்சு வச்சிருந்தியா?"

"நான் படிச்சேன், சொல்லல. மத்த மூணு பேரும் படிக்கவே இல்ல. உங்களுக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஆம்தான். அது உங்களோடது." அறையே கேட்டது.

இமானி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஆமா, நான் படிக்கல. இப்ப சம்மதம் இல்லைன்னு எழுதுறேன்."

ரோலண்டே உட்கார்ந்து கம்பியைப் பிடுங்கினார். இருபத்திரண்டாவது தடவை இரண்டு தலைமைகள்.

"பழையபடியே மாத்திடு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நிரந்தரம் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம். படிவத்தில் ரோலண்ட் எழுதிய காரணம்: 'தெரிந்ததைத் தாமதமாகச் சொல்கிறார்.'

அதை மறுக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. பார், மறுபடியும்.

ஏப்ரல் 2, புதன்

ஆம்புலன்ஸ் மையம். என்னை அனுப்பியிருந்தார்கள். அழைப்புகளை எடுக்கும் டோரீனுக்குப் பின்னால் நின்றேன். பதினொரு மணிக்கு இரண்டாம் கணினி தானாகவே செத்தது. யாரும் பிடுங்கவில்லை. டோரீனுக்கு அது தெரியாது. அவர் பொத்தானை அழுத்தினார். திரையில் வண்டி எண் சாம்பல் நிறத்திலேயே நின்றது.

"என்னம்மா இது, தூங்குதா?"

"மூணு மெஷின் எழுதி வச்சாத்தான் பச்சையாகும்."

"எழுதட்டும், எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியில் இருந்தவரிடம், "வண்டி வருதுங்க, அவர் பக்கத்துலயே இருங்க" என்றார்.

பச்சை வந்தது. பதினான்காம் வண்டி கிளம்பியது, ஒரே ஒரு வீட்டுக்கு.