அட்டையில் இருக்கும் கை

பார்சலைப் பிரித்ததும் புது அச்சு மையின் வாசம் வந்தது. உன் பெயருக்கு வந்த பார்சல். கையெழுத்துப் போட நீ இல்லை என்று தபால்காரரிடம் சொல்ல வாய் வராமல் நானே போட்டு வாங்கினேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது.

நீ அட்டைப்படம் வரைந்து கொடுத்த வெளிநாட்டுப் புத்தகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரன், மந்திரவாதி என்று பேசி விளையாடும் ஆட்டத்தின் விதிகளாம் உள்ளே. நீ விளக்கியபோது பாதிதான் புரிந்தது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான்.

வரைந்து முடித்து நீ காட்டிய படம் மட்டும் நன்றாகப் புரிந்தது. காட்டுக்குள் மலைபோல் ஒரு பறக்கும் பாம்பு. எதிரே ஒருத்தி, நெற்றியில் விளக்குக் கட்டி, கைலியைத் தூக்கிச் செருகி, கத்தியோடு நிற்கிறாள். என் மூக்கு, என் தாடை.

"என்னடி, என்னயப் போயி பூதத்துக்கிட்ட நிறுத்திட்ட?" என்றேன்.

"பூதந்தாம்மா பயந்து போயிருக்கு, நல்லாப் பாரு."

புத்தகம் வருவதற்கு முன்பே கம்பெனிக்காரர்கள் படத்தை இணையத்தில் போட்டார்கள். ஆட்டத்துப் பிரியர்கள் எழுதியதையெல்லாம் நீ அடுப்படிக்கு வந்து தமிழில் சொன்னாய். நான் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"'இந்த ஆன்ட்டி சண்டைக்கு வந்தாங்களா, பசாருக்கு மீன் வாங்க வந்தாங்களா'ன்னு ஒருத்தன் கேக்குறான்மா."

இரண்டு பேரும் சிரித்தோம். "'இவங்க கூட வந்தா எந்தக் குகைக்குள்ளயும் போவேன்'னு ஒரு பொண்ணு எழுதியிருக்கா." அதை நீ இரண்டு தடவை சொன்னாய். அதற்குப் பிறகு எல்லாரும் படத்திலிருந்த கையையே குறை சொல்ல ஆரம்பித்தார்கள். "'வாளை யாராச்சும் தன் வயித்தப் பாத்துப் பிடிப்பாங்களா? வரைஞ்சவளுக்குக் கை வரையத் தெரியல.'" அப்போது உன் குரல் இறங்கிவிட்டது.

அது வாளே இல்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி. நீ அதைக் கொஞ்சம் நீளமாக வரைந்திருந்தாய், அவ்வளவுதான். வலக்கை பிடியை இறுக்கும், இடக்கை விரல் கத்தியின் கழுத்தில் பட்டும் படாமலும் இருக்கும். பட்டையில் இறக்கி, நம் பக்கமாக இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். பெண்டாங் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் இழுத்தேன். பள்ளி லீவில் பால்வாளிக்குப் பக்கத்தில் குந்தி நீ பார்த்துக்கொண்டிருப்பாய்.

"கைய மாத்திக் குடுன்னு கம்பெனில கேக்குறாங்க. நீ ஒரு தடவ அந்தக் கத்திய எடுத்துப் பிடி லா மா. வீடியோ எடுத்துப் போடுறேன். அப்பப் புரியும் அவங்களுக்கு."

கத்தி பின்கட்டில், சாக்கில் சுற்றிக் கிடந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. தோட்டத்தை விட்டு மெர்கோங்குக்குக் குடிவந்த நாளிலிருந்து, தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தவள் என்றுதான் இந்தத் தாமானில் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அது உனக்கும் தெரியும்.

"பால்வெட்டுக்காரின்னு ஒலகம் பூரா காட்டணுமா? அவங்க கேக்குறபடி வரைஞ்சு குடுத்துட்டுப் போடி. கைதானே."

"கைதான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாய். அந்தப் பேச்சை நீயும் மறுபடி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள்.

இப்போது அட்டையைப் பார்க்கிறேன். மாற்றிக் கொடுத்திருக்கிறாய். சினிமா ராஜா மாதிரி கையை முன்னால் நீட்டி வாளைப் பிடித்திருக்கிறாள். முகம் என்னுடையது. கை யாருடையதோ. கேட்டவர்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

சாக்கைப் பிரித்துக் கத்தியை எடுத்தேன். துருவேறிக் கிடந்தது. வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அது என்னா கத்திமா?"

"பால் வெட்டுற கத்திக்கா. என்னோடதுதான்."

அவர் இன்னொரு துணியை உதறிக் கொடியில் போட்டார். இவ்வளவுதான். இதற்குத்தான் அன்றைக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ முதலில் வரைந்த படம் என் கைப்பேசியில் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் தொடாத கத்தி, கை தானாக வளைந்தது. நீ வரைந்தது சரிதான்மா. மணிக்கட்டு சரி. கட்டைவிரல் இருக்கும் இடமும் சரி.