செந்நீர் பருகிய வெண்சாமந்தி

மூன்று ஆறுகள் காக்கும் மருதவாயில் நாட்டின் அரியணை அமர்ந்து குடி புரக்கும் அரசி உதியஞ்செல்வி, வடகரைப் பாசறையில் எல்லை காக்கும் படைத்தலைவரும் நம் உடன்பிறந்தாருமாகிய இளந்தத்தனாருக்கு விடுக்கும் ஓலை. நும் குதிரைகள் நோயற்றிருக்க; நும் வீரர் அனைவருக்கும் தத்தம் இல்லம் திரும்பும் நாள் வாய்க்க.

நீர் விடுத்த ஓலையும் உடன்வந்த பூக்கூடையும் கிடைத்தன. குறும்பொறை நாட்டு மன்னர் தம் தூதர் அழிசியார் வழியே சிவப்பேறிய வெண்சாமந்திகளை அனுப்பினார் என்றும், வெள்ளைப் பூவைச் சிவப்பாக்கி அனுப்புவது நம் நாட்டில் போருக்கு அழைக்கும் வழக்காதலால் தூதரைச் சிறையிட்டதாகவும் எழுதியிருந்தீர். தூதரோ, தம் மலையில் அது பெண் கொடுக்க வருவோர் கொணரும் மங்கலப் பொருள் என்றும், சப்பங்கக் கட்டை ஊறிய செந்நீரைப் பூவே பருகிச் சிவந்தது என்றும் கூறினாராம். பூ நீர் பருகி நிறம் மாறுவது எங்கும் இல்லை, இது குருதியில் தோய்த்த பூ, தூதர் பொய்யர், அவர் தலை கொய்ய ஆணை தருக என்று முடித்திருந்தீர். ஓர் உயிரைக் கேட்கும் ஓலையில் இத்தனை அவசரம் ஆகாது என்பதால், நாம் பூவையே விசாரித்தோம்.

அரண்மனைத் தோட்டத்து வெண்சாமந்திச் செடி ஒன்றுக்குச் சப்பங்கச் செந்நீரையே ஊற்றச் செய்தோம். நாட்கள் சென்றும் பூ வெள்ளையாகவே இருந்தது. அடியிலைகள் மட்டும் பழுத்துத் தொங்கின. தூதர் பொய்யரே என்று நாமும் எண்ணி, நீர் கேட்ட ஆணைக்கு முத்திரையிட அரக்கு உருக்கச் சொன்னோம். அது உருகும் பொழுதில் மனம் ஒப்பாமல் நும் கூடைப் பூக்களை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அவை செடியில் நின்று சிவந்தவை அல்ல. காம்பு சாய்வாக அறுக்கப்பட்டவை. உடனே நம் தோட்டத்துப் பூக்களையும் அவ்வாறே அறுத்துச் செந்நீரில் நிறுத்தினோம். மறுநாள் காலை இதழ் நரம்புகளில் சிவப்பு மெல்லிய இழையாய் ஓடியிருந்தது. காம்பைப் பிளந்தால் உள்ளேயும் சிவந்த நூல்கள். நும் கூடைப் பூவைப் பிளந்தபோதும் அவ்வண்ணமே கண்டோம். குருதியில் தோய்த்த பூ மேலே கறைபடுமேயன்றி உள்ளே சிவக்காது. தூதர் உரைத்தது மெய்.

வேரோடு நிற்கும் செடி தனக்கு ஆகாததை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது போலும். அறுபட்ட பூவோ, ஊற்றியதைக் குடித்து அதன் நிறமே ஆகிவிடுகிறது.

இதுவரை அரசி எழுதினாள். இனி அக்காள் எழுதுகிறேன். தம்பி, நீ வீட்டைவிட்டுப் பாசறைக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று. அங்கே உன் காதில் ஓதுவோர் பேச்சையே குடித்துக் குடித்து உன் நிறமும் மாறிவிட்டதோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. தூதர் உன் வயதையும் பிறந்த நட்சத்திரத்தையும் கேட்டார், ஆகவே ஒற்றர் என்றும் எழுதியிருந்தாய். மாப்பிள்ளையின் நட்சத்திரம் கேட்காமல் யாரப்பா பெண் கொடுப்பார்கள்? அரசன் மகளே தன் கையால் சிவக்க வைத்த பூக்கள் என்று அவர் சொன்னதையும் நீயே எழுதிவிட்டு, நீயே நகைத்திருக்கிறாய். நான் செய்து பார்த்தேன். முதலில் வைத்தவை நரம்பில் இழையோடியதோடு வாடிப்போயின. நீரை மாற்றி, காம்பை மீண்டும் நறுக்கி, வெயில் படாமல் காத்த பின்பே சில உன் கூடைப் பூக்களைப் போல் சிவந்து தேறின. பகைவனுக்காக எவரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஆதலால், மூவாற்று முத்திரையிட்டு அரியணையிலிருந்து ஆணையிடுகிறோம். இவ்வோலை கண்ட கணமே அழிசியாரின் விலங்கை நும் கையாலேயே அகற்றி, நும் கூடாரத்தில் அமர்த்தி உணவிட்டு, எல்லைவரை உடன்சென்று விடை கொடுப்பீராக. பெண்ணை ஏற்பதும் மறுப்பதும் நும் விருப்பம். அதில் அரசாணை இல்லை. நம் ஆணைக்குக் காத்திராமல் அவர் தலையை நீர் முன்பே வீழ்த்தியிருந்தால், குறும்பொறைக்கு வேறு எவரையும் அனுப்பற்க. வாளைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியே மலையேறி, அப்பெண்ணின் முன் நின்று, நடந்ததை நும் வாயாலேயே சொல்வீராக.