பதினாலாம் வீட்டுப் பூட்டு

தூத்துக்குடி
பிப்ரவரி 9, திங்கட்கிழமை

அன்பு மகள் சுஜிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதா தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கனடாவில் அந்தப் பனிக்குள்ளே நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி இருக்கிறது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்றைக்கே மாடியில் வத்தல் காயப்போட ஏறிவிட்டாள், அவளை நான் என்ன சொல்ல. மழையில் ஊறிப்போன குசினிக் கதவை மாற்றியாயிற்று. ஊளி மீன் இந்த வாரம் வலையில் நல்ல பாடு, வாங்கும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லாமல் அம்மா சட்டியில் போடுவதில்லை.

உனக்கு விருது என்று செய்தி வந்ததிலிருந்து நான் தெருவில் நேராக நடந்து கடைக்குப் போக முடியவில்லை, பத்து அடிக்கு ஒருவர் நிறுத்துகிறார். பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் "அண்ணாச்சி, அந்த ஸ்காலர்ஷிப்புக்கு எத்தன மார்க்கு வேணும்"னு கேட்கிறார்கள். நானும் என்னமோ அந்த ஆபீஸில் வேலை பார்த்தவன் மாதிரி, மார்க்கைவிடக் கட்டுரைதான் முக்கியம், சிபாரிசுக் கடிதம் இரண்டு வேண்டும், முதல் தடவை கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடக்கூடாது, என் மகளுக்கு இரண்டாம் தடவைதான் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகவும் இருக்கிறது. ஏனென்றால் பேரிடர் மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, மழை வரும் என்று காத்துக்கிடக்கிறதுக்கு ஒரு படிப்பா, அதற்கு வெள்ளைக்காரன் பணம் வேறு கொடுப்பானா என்று கேட்டவன் நான்தான். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அம்மாதான் போட்டாள். இருபத்தெட்டு வருஷம் மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டலுக்கு வானத்தைப் பார்க்க யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர் எனக்கு.

இருபத்து மூன்றாம் வருஷ வெள்ளத்தில் நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நீ கத்தக் கத்தப் படகு ஒன்று திரும்பிப் பார்க்காமல் போனதே, அதை நான் அந்த வாரத்திலேயே மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. மறு வருஷம் மே வெயிலில் நோட்டும் கையுமாக நம் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாய், யாருக்கு நடக்க முடியாது, யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், யாரிடம் வள்ளம் இருக்கிறது, யார் வீட்டுக்கு மாடி இருக்கிறது என்று. "ஏலே இனிகோ, ஒம் மவ கெவர்மெண்டு கணக்கெடுக்காளா"ன்னு என்னிடம் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் வேறு தெரு வழியாகப் போயிருக்கிறேன். அந்த நோட்டுத்தான் உனக்கு ஸ்காலர்ஷிப்பையும் வாங்கித் தந்தது, இப்போது இந்த விருதையும் வாங்கித் தந்திருக்கிறது. அதைப்பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதி முடித்ததும் விஜிலா டீச்சர் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். பொறுமையாகப் படி.

நவம்பர் மழையில் நடந்ததை நான் உனக்குப் போனில் சொன்னேன், அதில் முக்கால்வாசி அப்படியே உண்மை. ஞாயிறு பூசைக்குப் பிறகு பிடித்த மழை விடவே இல்லை, திங்கள் காலை ஏழு மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர், எட்டு மணிக்கு இடுப்பு. நீ கொடுத்துவிட்டுப் போன லிஸ்டை விஜிலா டீச்சர் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிப்படியில் நின்றுவிட்டாள். கிளைட்டன் தன் பைபர் வள்ளத்தைத் தெருவுக்குள் கொண்டுவந்தான், அவள் சொல்லச் சொல்ல அந்த வரிசையில் வீடு வீடாகப் போனான். முதலில் யார், அடுத்தது யார் என்று நீ எழுதி வைத்திருந்ததால் ஒரு சண்டை இல்லை, ஒரு கூச்சல் இல்லை. செல்லக்கனி ஆச்சியைத் தூக்கும்போதே அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து இன்சுலின் டப்பாவையும் எடுத்தார்கள், லிஸ்டில் அதுவும் இருந்தது. ஆச்சி வள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு ஊசி எங்கன இருக்குன்னு என் மவனுக்கே தெரியாது, இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிஞ்சிச்சு"ன்னு கேட்டுக்கொண்டே வந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு பேர். கடலில் எந்தக் காற்று எப்போது திரும்பும் என்று தெரிந்த எனக்கு, என் தெருவில் யாருக்கு நடக்கக் கால் வராது என்று தெரியாமல் இருந்திருக்கிறது. மாடிப்படியில் நின்று அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது சுஜி, இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

இனிமேல் எழுதுவதைத்தான் நான் போனில் சொல்லவில்லை. பத்து மணிக்கு டீச்சர் கடைசிப் பேருக்கு டிக் போட்டாள், எல்லாரும் வந்தாச்சு என்றாள், நான் கிளைட்டனிடம் வள்ளத்தைக் கட்டு என்று சொல்லிவிட்டேன். அம்மா லிஸ்டை வாங்கிப் பார்த்தாள். பதினாலாம் நம்பர் வீட்டுக்கு நேரே 'பூட்டியிருக்கிறது, மறுபடி பார்க்க வேண்டும்' என்று உன் கையெழுத்தில் இருந்தது. "மறுபடி பாத்தாளா"ன்னு கேட்டாள். அது ஆளில்லாத வீடு, முன்வாசலில் பூட்டுத் தொங்குகிறதை நானே தினமும் பார்க்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. "பூட்டத்தான் பாத்திய, பின்னால போயி யாரு பாத்தா"ன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் மவ லிஸ்டுல தப்பு இருக்காது ஹில்டா, சும்மா இரு"ன்னு அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டேன். ஒரு காலத்தில் அந்த நோட்டைக் கேலி பேசியவன், அன்றைக்கு அதை வேதப்புத்தகம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அந்த முழங்காலோடு. பிறகு நானும் கிளைட்டனும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

அந்த வீட்டின் முன்னறையில் வீட்டுக்காரர் பழைய வலையும் மிஷினும் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார், பின்னறையை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறார், போக வர சந்து வழிதான். சந்துக்குள் வள்ளம் நுழையவில்லை. அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து முதலில் போய்ச் சேர்ந்தாள், நெஞ்சளவு தண்ணீர். உள்ளே சந்தனச்செல்வி என்று ஒரு பெண், சாத்தான்குளம் பக்கம் ஊர், இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை, புருஷன் லாரி ஓட்டுகிறவன், அன்று ஊரில் இல்லை. மூன்று வயது மகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேல் ஏறிப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தண்ணீர் அழுத்திக் கதவு திறக்கவில்லை, கிளைட்டன் வந்து தோள் கொடுத்து உடைத்தான். அம்மா பிள்ளையை வாங்கித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சந்தைக் கடந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் சொன்னதைக் கேள். "வள்ளம் ரெண்டு தடவ இந்தப் பக்கம் போற சத்தம் கேட்டுச்சுக்கா. சட்டிய வச்சுத் தட்டுனேன். மழையில கேக்கல போல"ன்னாள். நம் மொட்டைமாடியில் நின்று நீ கத்தினாயே, அதேதான். இந்தத் தடவை திரும்பிப் பார்க்காத ஆள் நான்.

மறுநாள் கரண்ட் வந்து நீ கூப்பிட்டு, எல்லாரும் பத்திரமா வந்தாச்சாப்பா என்று அழுதாய். உன் மனசு குளிரட்டும் என்று, ஒம் லிஸ்டுல ஒரு ஆளுகூட விட்டுப்போகல என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து நின்றுவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிறகு எதற்கு அதைச் சொல்லிக்கொண்டு என்று நினைத்தேன். நீ அதை விருதுக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி, விருதுக்காரர்கள் உன்னைப்பற்றி எழுதியதை விஜிலா டீச்சர் தமிழில் வாசித்தாள். பேரிடர் மேலாண்மை படிக்கிற அத்தனை மாணவர்களில் இந்த வருஷம் ஒருவருக்கு, அது நம் பிள்ளைக்கு என்றபோது மண்டபமே கைதட்டியது. கடைசியில் 'ஒரே ஒருவர்கூட விடுபடாத திட்டம்' என்று ஒரு வரி வந்தது. அதற்கும் கைதட்டினார்கள். பின்வரிசையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தனச்செல்வி நின்றாள், டீச்சர்தான் கூப்பிட்டிருந்தாள். அவளும் கைதட்டினாள். என்னால் உட்கார முடியவில்லை.

வெளியே வந்து அவளிடம் போனேன். அவளே பேசினாள். "ஒங்க மவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு நோட்டோட போனத நான் பின்வாசல்ல இருந்து பாத்தேன். வாடகைக்கு இருக்கவங்கள எதுக்குக் கேக்கப் போறாங்கன்னு நெனச்சு நானும் கூப்பிடல. ஆனா ஒண்ணு கேக்கேன். இப்பம் வாசிச்சாங்களே, அந்தப் பேப்பர்படி பாத்தா வெள்ளத்தன்னைக்கு நானும் எம் பிள்ளையும் அந்த வீட்டுல இல்லவே இல்ல, அப்படித்தானே"ன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் இல்லம்மா, ஆமாம்மா என்று உளறிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நீங்க போன்ல சொல்லும்போது நானும் பக்கத்துலதானே நின்னேன், என் மேலயும் தப்பு இருக்கு. எழுதுங்க"ன்னாள். டீச்சருக்கு மனசில்லை. "அண்ணாச்சி, இதச் சொன்னா விருதத் திரும்ப வாங்கிட்டாங்கன்னா? அடுத்த வருச ஸ்காலர்ஷிப்புலயும் கை வச்சுட்டா பிள்ள என்ன செய்வா"ன்னு கேட்டாள். அவள் கேட்பது நியாயம். அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் நீ எழுதிய பொய் உன் பொய் இல்லை, என்னுடையது. அவர்களுக்கு அப்படியே எழுது, என் அப்பா இனிகோ என்னிடம் தவறாகச் சொன்னார், நான் நம்பினேன் என்று. என் பேரைப் போடத் தயங்காதே. வேண்டுமென்றால் நானே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், இந்தத் தடவை மாட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

விருது இல்லாமல் போனால் எனக்கு வருத்தம் இருக்காது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இருக்கும். ஆனால் உன் திட்டத்தைப்பற்றி எனக்கு இருக்கிற பெருமையில் ஒரு நூல் குறையவில்லை. ஐம்பத்திரண்டு பேர் உன்னால்தான் மாடி ஏறினார்கள். மறுபடி பார்க்க வேண்டும் என்று நீ எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அம்மாவுக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசி நாள் அந்த வாரம் என்று ஓடிக்கொண்டிருந்தாய், மறந்துவிட்டாய். உனக்கு ஞாபகப்படுத்த அந்த நோட்டை ஒரு தடவையாவது புரட்டிப் பார்த்த அப்பன் உனக்கு இல்லை.

இன்னொரு சேதி. டிசம்பரிலிருந்து ஞாயிறுதோறும் டீச்சரும் சந்தனச்செல்வியும் சேர்ந்து லிஸ்டைத் திருத்துகிறார்கள். அவள் முன்வாசலைத் தட்டுவதே இல்லை, நேரே சந்துக்குள் போய்ப் பின்கதவைத் தட்டுகிறாள். இதுவரை வாடகைக்கு இருக்கிற பதினொரு குடும்பம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அதில் வடநாட்டுப் பையன்கள் ஆறு பேர் ஒரே அறையில். அந்தப் பெண் எட்டாவதோடு நின்றவள், அவள் கேட்கிற கேள்வியை நீ கேட்க வேண்டும். தண்ணீர் வந்தால் எந்தக் கதவு உள்பக்கம் திறக்கும், எந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கும் என்று அதையும் எழுதுகிறாள். உங்கள் புரொபசர்கள் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்தத் தாள்களையும் டீச்சர் அனுப்புவாள், பார்த்துச் சொல்.

நீ எங்கே நின்றாலும் மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும், உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும், உன் கை தொட்ட காரியம் நாலு பேரைக் கரைசேர்க்கட்டும். அம்மாவின் முத்தமும் ஆசீரும். குளிருக்குத் தலையை மூடாமல் வெளியே போகாதே, ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் கொஞ்சம் சோறு வடித்துச் சாப்பிடு.

இதைப் படித்ததும் அவர்களுக்கு உடனே எழுத வேண்டாம், முதலில் சாப்பிடு, பிறகு எழுது. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடு. நீ எப்போது கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவது என் பழக்கம். இந்தத் தடவை கொடுக்க மாட்டேன். நீ ஏசினாலும் அழுதாலும் கடைசிவரைக்கும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
இனிகோ