மேல் கோவில்

லிஸ்னஸ்கி,
ஃபெர்மனா மாவட்டம்,
அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நெஸ்டருக்கு,

எடித்தா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே உனக்கும் ஷெய்னாவுக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். குளிர் தொடங்கிவிட்டது. நீ அனுப்பிய கருவாடு தீர்ந்துவிட்டது. வறுத்த அன்று மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, சாக்கடை ஏதும் அடைத்துக்கொண்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இத்தனை நாள் போனில் பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீதான் எடுப்பதில்லையே. ஷெய்னா எடுத்து அப்பா தூங்குகிறார் என்கிறாள். பட்டப்பகலில் சவாரியை விட்டு, மோட்டார் டிரைசிக்கிளை ஓரங்கட்டிவிட்டுத் தூங்குகிற ஆளா நீ? அந்தப் பெண்ணைப் பொய் சொல்லப் பழக்காதே. மின்சார பில்லைக்கூடக் கிழித்துப் போட மனம் வராதவன் நீ, இதையும் கிழிக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அன்றைக்கு நான் பாதி சொல்லும்போதே போனை வைத்துவிட்டாய். மீதியைக் கேள்.

கிழவர் ஹ்யூகியைப் பார்த்துக்கொள்ள அவர் வீட்டுக்குக் காலையும் மாலையும் போக வேண்டியிருப்பதால் இந்தப் பக்கம் குடிவந்தேன் அல்லவா, வந்த புதிதில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. ‘இன்று பூசை மேல் கோவிலில்’ என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஒரே சாமியார் பார்க்கிற இந்தப் பங்குக்கு இரண்டு கோவில்கள், மேல் கோவில், கீழ்க் கோவில். ஒரு வாரம் இங்கே, மறுவாரம் அங்கே. மேல் என்றால் மேட்டில் இருக்கும் என்று நினைத்தேன். முன்னால் போன கார்களின் பின்னாலேயே என் காரையும் விட்டேன். ஒரு சின்னப் பாலம் வந்தது. அடியில் ஓடுவது ஓடை, ஷெய்னா தாண்டிக் குதித்துவிடுவாள். அவ்வளவுதான் வழியில் வந்தது.

தீவுக்காரர்களான நமக்கு எல்லை என்றால் கடல்தானே, நெஸ்டர். நம்மூரில் நாடு முடிந்தால் அலை வரும், உப்புக் காற்று வரும். ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு நாடு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாசல் இல்லை, காவலாள் இல்லை, ஒரு பலகை இல்லை. கோடு போட்ட காலத்துக்கு முன்பே இருந்த பங்காம். கோவில்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன, நாடுதான் இரண்டாகிவிட்டது.

காணிக்கைத் தட்டு வந்தபோதுதான் தெரிந்தது. உள்ளே கிடந்த காசு எதுவும் இந்தப் பக்கத்துப் பவுண்டு இல்லை, எல்லாம் யூரோ. நான் விழிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெர்னி என்பவள் என் காதில், சாமி ரெண்டு காசையும் வாங்கிக்குவார், போடும்மா என்றாள். எந்த ரெண்டு என்று கேட்டேன். நீ இப்போது அயர்லாந்துக் குடியரசில் உட்கார்ந்திருக்கிறாய் என்று சிரித்தாள். என் விசா ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பிரிட்டனுக்கு மட்டும்தான், உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகப் பாஸ்போர்ட்டில் வேறு முத்திரை வேண்டும். நற்கருணைகூட வாங்காமல் எழுந்து ஓடி வந்துவிட்டேன். பாலம் தாண்டும்வரை பின்னால் யாரும் வருகிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வந்தது. எந்த நாட்டிலாவது அனுமதியில்லாமல் நுழைந்ததுண்டா? நான் யோசனை கேட்டவர்கள் ஒருவர் விடாமல் ‘இல்லை’ என்று போடச் சொன்னார்கள். ஹ்யூகி சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். “எம் மாடு தினம் ரெண்டு நாட்டுப் புல்லையும் மேஞ்சுட்டு வருது. அதுகிட்ட எவன்மா பாஸ்போர்ட் கேட்டான்?” என்றார். அவர் மாட்டுக்கு இரண்டு நாடும் சொந்தம். எனக்கு அப்படியா?

இலவச ஆலோசனை மையத்து அம்மாள் மட்டும், தாண்டியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மறைத்தது தெரிந்தால்தான் தொல்லை என்றாள். ஆனால் விளக்கம் எழுதினால் முடிவு வரத் தாமதமாகலாம் என்றும் சொன்னாள். ஃபாதர் டெஸ்மண்டிடம் போய் நின்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “பொய் எழுதினா அதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அதை நான் மேல் கோவில்லதாம்மா கேக்கறேன்” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆம் என்று போட்டு, நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் அனுப்பினேன். கேட்டிருந்தால் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை.

நீ கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “உன் நேர்மைக்கு எங்க ரெண்டு பேரையும் பலி குடுத்துட்டே.” மார்ச்சில் ஷெய்னாவுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குள் எனக்கு முடிவு வந்தால்தான் உன்னோடு அவளையும் பிள்ளை என்ற கணக்கில் அழைக்க முடியும். முதலில் கையில் பணமில்லை. பணம் சேர்ந்தபோது, குடும்பத்தை அழைத்துக்கொள்கிற சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இதுதான் மிச்சமிருக்கிற ஒரே வழி என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன். பொய் எழுதி வாங்கி, நீங்கள் இருவரும் வந்து இறங்கிய பிறகு, கதவை யார் தட்டினாலும் நான் மட்டும் உள்ளுக்குள் செத்துப் பிழைக்க வேண்டுமா? ஐந்து வருடம் தனியாக இருந்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதும் தனியாக இருக்க என்னால் ஆகாது.

இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு எனக்குப் பூசை இல்லை. வீட்டில் இருக்கவும் பிடிக்காது. பாலம்வரை போய், இந்தப் பக்கமே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். கோவிலுக்குப் போகிறவர்கள் முதலில் என் கார் பழுதாகி நின்றுவிட்டதென்று நினைத்து இறங்கி வந்து கேட்டார்கள், இப்போது கையசைத்துவிட்டுப் போகிறார்கள். போன் மட்டும் அங்கேயே நாடு மாறிவிடும். அயர்லாந்துக்கு நல்வரவு என்று அதற்கொரு செய்தி வரும். எல்லாரும் உள்ளே இருக்கிற அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு ஆள் இருக்காது. அப்போதுதான் உன்னைக் கூப்பிடலாமா என்று தோன்றும், கூப்பிட்டால் நீ தூங்குவாய்.

இன்று பூசை முடிந்து பெர்னி என் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மழை. உள்ளே ஏறி உட்கார்ந்து, கைப்பையிலிருந்து சின்ன வட்டச் செப்பு ஒன்றை எடுத்தாள். கோவிலில் நற்கருணை கொடுக்கிறவர்களில் அவளும் ஒருத்தி. ஃபாதர் எனக்கென்று நற்கருணை அப்பத்தில் ஆண்டவரைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். “இவருக்கு விசா வேண்டாம்டி” என்றாள். வாங்கிக்கொண்டு அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவள் கார்க் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஷெய்னாவின் பதினெட்டாம் பிறந்தநாள் விருந்துக்கு நீ சீட்டுப் போட்டு வருகிறாய் என்று அவளே சொன்னாள். முடிவு சீக்கிரம் வந்துவிட்டால் இங்கே வைத்துக்கொள்ளலாம். நம் வழக்கப்படி அவளோடு ஆடுகிற பதினெட்டு ஆண்கள் கொடுக்கிற பதினெட்டு ரோஜாக்களில் ஒன்றை ஹ்யூகி கொடுப்பாராம், கைத்தடியோடு ஆடத் தயார் என்கிறார். பங்கு மண்டபம் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். முடிவு அதற்குள் வராவிட்டால் அவளுக்கு என்மேல் வருகிற கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். நீ அதைத் தடுக்க வேண்டாம். அவளோடு கடைசி ரோஜாவுக்கு ஆடும்போது மட்டும் நன்றாக நிமிர்ந்து ஆடு, உனக்குக் கூன் விழுகிறது.

என் மகளுக்கு எல்லாக் கதவும் திறக்கட்டும். எதன் வழியாகவும் அவள் குனிந்து நுழைய வேண்டாம்.

அடுத்த மேல் கோவில் ஞாயிறன்று, பாலத்திலிருந்து உன்னைக் கூப்பிடுவேன். நீ பேச வேண்டாம், நெஸ்டர். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சவாரிக்குப் போ. டிரைசிக்கிள் சத்தம் கேட்டால் எனக்குப் போதும்.

என்றும் உன்,
எடித்தா