ஆடாத ஞாயிறுகள்

பிப்ரவரி 12, 2025, புதன்

கபடி டீம் ஜெர்சிகளை ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். கேப்டன் என்றால் இதுவும் சேர்த்தி என்று எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. எங்கள் வயரிங் கம்பெனிப் பெண்களுக்கு நாளெல்லாம் வயர் கட்டத் தெரிகிறது, ஒரு பனியனைக் கசக்கத் தெரியவில்லை.

அவர் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஜாமீன் கண்டிஷன், தினமும் போட வேண்டும். வந்ததும் கொடியில் பாதியை அவரே காயப்போட்டார். ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து வீட்டு வேலை எல்லாவற்றிலும் கை வைக்கிறார். கைகட்டி நிற்கிற பிள்ளை மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. என் வசந்தகுமார் சட்டையைக் கழற்றினால் போட்ட இடத்திலேயே விடுகிற ஆள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. இவருடைய பிள்ளைப்பாக்கம் டீமும் தெற்கத்திப் பையன்களின் ஹாஸ்டல் டீமும். ஆட்டம் முடிந்து ரோட்டில் கைகலப்பு. ஹாஸ்டல் டீம் பேச்சிராஜின் தலையில் பின்னாலிருந்து இரும்புக் குழாயால் யாரோ அடித்துவிட்டார்கள். ஆபரேஷன் ஆகி உயிர் பிழைத்தார். இடது காது போனது போனதுதான். நாலு பேர் மேல் கொலை முயற்சி வழக்கு. முதல் பேர் இவருடையது.

‘வெலக்கத்தான் போனேன் சுகா. சட்டயப் புடிச்சேன், அவ்ளோதான்’ என்றார் அன்றைக்கே. நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பிப்ரவரி 15, சனி

லீக் மறுபடி தொடங்குகிறது என்று அதை நடத்துகிற தசரதன் அண்ணன் குரூப்பில் போட்டார். வீட்டில் விசில் சத்தம். அவர்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

முப்பிடாதி இன்று வேலைக்கு வந்தாள். பேச்சிராஜின் மனைவி. எங்கள் லைனில் எனக்கு நேர் எதிரே நின்று வேலை செய்கிறவள், தெற்கே என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. கல்யாணமாகி பிள்ளைப்பாக்கம் வந்த புதிதில், இங்கே எல்லோரும் பேசுவது காதில் ஏறாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, நம் பேச்சைப் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள்.

கம்பெனி பஸ்ஸில் நானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. போகவில்லை. தைலாவரம், கூடுவாஞ்சேரி என்று எங்கேயோ சுற்றிப் போகிற பஸ் மாதிரி வேறு வேறு பேச்சு பேசினோம். ஒரகடம் பாலத்துக்கிட்டே வந்ததும்தான் கேட்டாள், இவரும் ஆடப் போகிறாரா என்று. தெரியவில்லை என்றேன்.

‘யக்கா, அண்ணன் அடிச்சாகளா அடிக்கலையான்னு எனக்குத் தெரியாது. கோர்ட்டு சொல்லட்டும். ஆனா அவுக பாடிப் போகையில ஊரே கை தட்டும்லா. அத இவுக ஒத்தக் காதுல கேட்டுக்கிட்டு கெடக்கணுமா?’

குரலை உயர்த்தவே இல்லை. இறங்கும்போது என் டிபன் பையையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

அவரிடம் லேசாகப் பேச்சை எடுத்தேன். கேஸ் ஒரு வழிக்கு வரும்வரை ஆடாமல் இருந்தால் என்ன என்று. விருட்டென்று நிமிர்ந்தார். கம்பெனியே வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டதாம், லீக்குக்கு என்ன வந்ததாம். நிரூபணம் ஆகாத வரைக்கும் எவனும் குற்றவாளி இல்லை, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். நாளைக்கு எவனாவது பிடிக்காதவன் மேல் பொய்க் கேஸ் கொடுத்தே ஒரு நல்ல ஆட்டக்காரனை ஒழித்துவிடலாமாம்.

எல்லாம் சரிதான். ஆனால் லேத் மிஷினுக்கு முன்னால் நிற்கும்போது யாரும் அவருக்குக் கைதட்டுவதில்லை, மாலை போடுவதில்லை, தோளில் தூக்கி ஆடுவதில்லை. இதை யோசித்தேன், சொல்லவில்லை. அந்த ஆட்டம் ஒன்றுதான் அவரை ஜெயிலில் உயிரோடு வைத்திருந்தது. கண்ணை மூடி ஒவ்வொரு ஆட்டமாக மனசுக்குள் ஆடிப் பார்ப்பாராம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஹாஸ்டல் டீம் எழுதிக் கொடுத்திருக்கிறது. கொலை முயற்சி, பெண்களிடம் வன்முறை மாதிரியான பெரிய வழக்கு உள்ள யாரும் ஒரு முடிவு தெரியும்வரை லீக்கில் ஆடக்கூடாது என்று விதி வேண்டுமாம். சனிக்கிழமை எல்லா கேப்டன்களும் ஓட்டுப் போட வேண்டும். பெண்கள் டீம் கேப்டன்களும்.

தசரதன் அண்ணன் கடைக்குப் போய் என்னை விட்டுவிடுங்கள் என்றேன். ஒரகடம் கூட்ரோட்டில் டீக்கடை வைத்துக்கொண்டு லீக்கையும் அவர்தான் நடத்துகிறார். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். ‘ஒனக்குப் புருசன், இன்னொருத்தனுக்கு மச்சான், இன்னொருத்தனுக்கு ரூம்மேட்டு. சொந்தம் பாத்தா இங்க ஒருத்தனும் கைய தூக்க முடியாதும்மா. மனசுல பட்டத பண்ணு.’

மனசுல பட்டது. எந்த மனசில்? எனக்கு இரண்டு இருக்கிறது.

மார்ச் 1, சனி

தூக்கிவிட்டேன்.

லீக் கூட்டம் எப்போதும் ஷிப்ட் மாறுகிற நேரத்தில்தான். இறங்குகிற கேப்டன்களும் ஏறப்போகிற கேப்டன்களும் டீக்கடை வாசலில் ஒன்றாக நிற்பது அந்தக் கொஞ்ச நேரம் மட்டுமே. பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். தசரதன் அண்ணன் விதியைப் படித்தார். யாரும் அசையவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நேராகப் பார்க்காமல்.

நான் பேசினேன். ஆட்டம்தான் கிடையாது, பயிற்சிக்கு வரலாம். டீமை விட்டு நீக்கக்கூடாது. வழக்கு உள்ளவன் குற்றவாளி என்று ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது. போலீஸ் குற்றப்பத்திரிகையில் பெரிய பிரிவு இல்லை என்றால் அன்றைக்கே ஆடலாம். இதையெல்லாம் சேர்த்தால் ஒத்துக்கொள்கிறேன் என்றேன். சேர்த்தார்கள். கையைத் தூக்கினேன். அதற்குப் பிறகுதான் மற்ற கைகள் ஏறின.

இந்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட், எனக்கு முதல். நாளை ஞாயிறு, காலையில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக நானே சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அறிவு கெட்டவள். கை தூக்கிய கேப்டன்களில் பாதிப் பேர் அங்கிருந்து நேராக அவர் கம்பெனி பஸ்ஸில்தான் ஏறினார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டம் வைத்தால் செய்தியும் கூடவே ஷிப்டுக்குப் போகும் என்று எனக்கு உறைக்கவில்லை. நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாட்ஸப்பில் ஒரு வரி: ‘நீயா?’

மார்ச் 2, ஞாயிறு

‘நம்பறேன்னு சொன்னியே.’

நம்புகிறேன் என்றேன்.

‘அப்புறம் இன்னாத்துக்கு கைய தூக்குன?’

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. ‘நான் நம்புதேங்கதுக்காக முப்பிடாதியும் நம்பணுமா? அவளுக்கு உங்களோட கல்யாணம் ஆகலியே’ என்றேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். பாயை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

பேசல. இன்னைக்கும் பேசல. தட்டு வச்சா சாப்புடுதாரு, கழுவி வச்சிட்டு போயிருதாரு. திட்டவாவது செய்யலாம்லா? நான் என்ன கொன்னா போட்டேன். போலீசு வந்த அன்னைக்கி தெருவே வேடிக்கை பாக்கையில யாரு கூட நின்னா? வக்கீல் வீட்டு வாசல்ல யாரு காத்துக் கெடந்தா? — ஒரு கை. ஒரே ஒரு கை தூக்குனதுல அதெல்லாம் அழிஞ்சிருமா.

மார்ச் 9, ஞாயிறு

இவர் இல்லாமல் பிள்ளைப்பாக்கம் ஆடியது. இவர் இடத்தில் மணிகண்டபிரபு பாடிப் போனான். பையன் நன்றாகத்தான் ஆடினான், நிறைய கைதட்டல். ஆனாலும் தோற்றார்கள்.

திரும்பி வரும்போது டாஸ்மாக் பக்கத்தில் நின்றவர்கள், ‘தெக்கத்திக்காரிய கட்டுனா இப்டித்தான்’ என்றார்கள். காதில் விழாத மாதிரி நடந்தேன். அத்தை நடக்கவில்லை. திரும்பி நின்றுவிட்டார். என் மாமியார் ராஜாமணி பொதுவாகக் கோழியைக்கூட விரட்டாதவர்.

‘அவ பண்ணது சரியா தப்பான்னு எனுக்குத் தெரியாது. அது எங்க வூட்டு விசயம். ரோட்ல நின்னுகினு எங்க வூட்டுப் பொண்ண பேசறதுக்கு நீ யாரு?’

வீட்டுக்கு வந்து அடுப்படியில் அழுதேன். அத்தை வெங்காயத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். நறுக்கிக்கொண்டே அழு, யாருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடியும் ஆட்டம். மறுபடியும் பாயில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 26, புதன்

சாயங்காலம் எங்கள் பயிற்சிக்கு வந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இரண்டு தடவை ஒருத்தியைப் பிடிக்கப் போய் நழுவ விட்டேன். அவருக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற வேல்விழியைக் கூப்பிட்டு, ‘ஒங்க கேப்டன் கிட்ட சொல்லு, தொடைய புடிச்சா அவ இழுத்துகினு போய்டுவா, கணுக்கால புடிக்க சொல்லு’ என்றார். நான் நின்றது அவருக்கு எட்டடி தூரத்தில். வேல்விழி திரும்பி, ‘கேப்டன், உங்க வீட்டுக்காரர் கணுக்கால புடிக்கச் சொல்றார்’ என்றாள். பிடித்தேன். விழுந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

இரவு பாய் உள் அறைக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டுவிட்டார். ஒரு நாளாவது சந்தேகம் வந்ததா என்று. மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தோம்.

வரவில்லை என்றேன். உண்மை. பயம் வந்தது, நீங்கள் ஏன் அந்தக் கூட்டத்துக்குள் போனீர்கள் என்று கோபம் வந்தது. சந்தேகம் வரவில்லை. அவர் தலையாட்டினார். என்னை நம்பினாரா, தெரியவில்லை. நம்பச் சொல்லி நான் எப்படிக் கேட்பது?

ஏப்ரல் 22, செவ்வாய்

குற்றப்பத்திரிகை போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ரோட்டோரம் நின்றிருந்த ஒரு கம்பெனி பஸ்ஸின் முன்பக்கக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறதாம். இவர் பேச்சிராஜின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறார். பின்னாலிருந்து குழாயோடு வருகிறவன் வேறு. மணிகண்டபிரபு.

அந்த நாலு பேரில் அவன் பேரே கிடையாது. கொலை முயற்சி இப்போது அவன் ஒருத்தன் மேல் மட்டும். இவருக்குக் கைகலப்புப் பிரிவு, அபராதத்தோடு போய்விடும் என்கிறார் வக்கீல்.

லைனில் நின்றபடியே போனில் கேட்டேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தோஷம்தான். ஆனால் ஒரு தப்பும் செய்யாத மனிதரை ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்தேன். இத்தனை ஞாயிறும் அந்த மணிகண்டபிரபு பாடிப் போனான், நாங்கள் கைதட்டினோம். பேச்சிராஜ் எதைக் கேட்கக்கூடாது என்று கையைத் தூக்கினேனோ, மைதானத்துக்குப் பக்கத்து வீட்டில் கிடந்தபடி அதைத்தான் அவர் கேட்டார்.

அந்த ஓட்டு மறுபடியும் வந்தால் தூக்குவேனா? யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றால், தூக்குவேன். அதனால்தான் அழுகை நிற்கவில்லை. வெளியே வந்தபோது முப்பிடாதி என் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் போன் வந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் பார்க்கும்வரை விடவில்லை.

வீட்டில் அவர் சொன்னது இது மட்டும்: ‘ஒங்க ரூலு எனக்கு மட்டும்தான் பட்டுச்சு.’

ஆமாம் என்றேன்.

மே 4, ஞாயிறு

மே தினக் கோப்பை, முதல் ஆட்டம். பிள்ளைப்பாக்கமும் ஹாஸ்டலும். தசரதன் அண்ணன் மைக்கில் இவர் பேரைச் சொன்னதும் விசில் பறந்தது. ஜெர்சி போட்டுக்கொண்டு, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிர்ப்பக்கம் நாற்காலியில் பேச்சிராஜ். அடிபட்டதற்குப் பிறகு முதல் தடவையாக மைதானத்துக்கு வந்திருக்கிறார். தலையில் தொப்பி. கூட்டம் கத்தும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இவர் மைதானத்தைச் சுற்றி நடந்து போய் அவருடைய வலது காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பேச்சிராஜும் ஏதோ சொன்னார். இவர் திரும்பி வந்து, தன் பேரை எடுத்துவிட்டு வேறு பையனைப் போடச் சொன்னார். பிறகு மறுபடி போய்ப் பேச்சிராஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கடைசிவரை எழுந்திருக்கவில்லை. பிள்ளைப்பாக்கம் தோற்றது. ஊர் என்னைத்தான் முறைத்தது, பழகிவிட்டது.

வரும் வழியில் கேட்டேன், அப்படி என்னதான் பேசினீர்கள் என்று.

‘ஆடட்டுமான்னு கேட்டேன்.’

‘அவரு வேண்டாம்னாரா?’

‘ஆடுங்கண்ணேன்னுதான் சொன்னான். நீங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சுல்லான்னு சிரிக்கறான்.’ வண்டியை ஓரமாக நிறுத்தினார். ‘சொல்லும்போதே தொப்பிய இழுத்து அந்தக் காத மூடிக்கினான் சுகா.’

நான் அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

‘அதுக்காக நீ கை தூக்குனது சரின்னு ஆய்டாது. அது தப்புதான்.’

இல்லை என்றேன். தப்புதான் என்றார். பிள்ளைப்பாக்கம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.