சத்தம் வராத லேப்டாப்

மார்ச் 12, வியாழன்

நாளை மகள் யாழினிக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் பாடம். பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக நான் ஆசைப்பட்டுப் போட்ட, அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வகை லினக்ஸில் சத்தமே வரவில்லை. இணையத்தில் தேடினேன்; இதே சிக்கலை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாளைப் பாடம் என்னாகுமோ என்று பயம் வந்துவிட்டது.

வேலையிலிருந்து வந்த என் கணவர் குமார் சிரித்தார். “அழகா இருக்குன்னு எடுத்தா இப்படித்தான் லா. எல்லாரும் வச்சிருக்கிற லினக்ஸப் போடு. அதுல உனக்கு முன்னாடியே பத்துப் பேர் மாட்டிட்டு முழிச்சிருப்பாங்க.”

மாற்றினேன். அதிலும் சத்தம் இல்லை. ஆனால் இணையத்தில் யாரோ ஒருவர் இதையே எப்போதோ கேட்டிருந்தார், இன்னொருவர் ஒரே வரிக் கட்டளையைப் பதிலாகக் கொடுத்திருந்தார். அந்த வரியை லேப்டாப்பில் தட்டியதும் யாழினி போட்ட பாட்டு வீடு முழுக்கக் கேட்டது.

சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வட்டார அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவை விட்டு நான் விலகாததும் இதற்காகத்தான். பிள்ளையைப் பற்றிய என் பயம் எதுவும் அங்கே யாருக்கும் புதிதில்லை.

இணையத்தில் அந்த ஒரு வரிப் பதிலுக்குக் கீழே, ‘எனக்கும் வேலை செய்தது, நன்றி’ என்று எழுதிவிட்டு வந்தேன். அடுத்து மாட்டுபவருக்குத் துணையாக நானும் இருக்கிறேன். இனித் தூங்கலாம்.