இரண்டாவது ‘அம்மா’

அக்கா,

நாற்காலியில் கிடக்கும் பொன்னாடையிலிருந்து புதுத்துணி வாசம் இன்னும் போகவில்லை. காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எடுத்து மடித்து வைக்கவும் சலிப்பாக இருக்கிறது. நேற்று ஈப்போ கோயில் மண்டபத்தில் எனக்குப் போர்த்தினார்கள். உங்களுக்கு வந்திருக்க வேண்டியது அது.

சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் நீங்கள் கிராணி வேலை பார்த்த காலம். பகலெல்லாம் தட்டச்சு அடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாடுவீர்கள். நான் வயலினோடு பக்கத்தில் உட்காருவேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சகானா ராகத்தில் புதிதாக ஒன்று பாடிக் காட்டினீர்கள். தோட்டத்து மாரியம்மன் மேல் நீங்களே கட்டிய பாட்டு. உங்களுக்கு ஸ்வரப்படுத்தி எழுத வராது. நீங்கள் பாடப் பாட நான் நோட்டில் எழுதினேன்.

கடைசிச் சரணத்தில், பாட்டுக் கட்டியவர் தம் பேரை முத்திரையாக வைப்பது வழக்கம். “உங்க முத்திரையை வைங்கக்கா” என்றேன். சிரித்தீர்கள்.

“தோட்டத்துக் கிராணி கட்டுன பாட்டுன்னா எவன் தம்பி உக்காந்து கேப்பான்? தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய பாட்டுன்னு சொல்லிரு லா.”

முத்திரை விழ வேண்டிய இடத்தில் ‘அம்மா, அம்மா’ என்று இரண்டு முறை அழைத்து முடித்தீர்கள். மேடையில் அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான். கைதட்டல் பலமாக இருந்தது. அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. பாட்டு மட்டும் பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் அந்த ஈப்போ மண்டபத்தில், யார் இயற்றியதென்று தெரியாத பழைய கீர்த்தனை என்று அறிவித்தார்கள். பொறுக்காமல் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆதாரம் கேட்டார்கள். நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோயில் தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

“எல்லாம் உங்க கையெழுத்தாத்தானே இருக்கு? இவ்ளோ அடக்கம் ஆகாதுண்ணே. பாட்டு உங்களுதுதான் லா.”

நான் மறுக்க மறுக்க என் அடக்கம்தான் பெரிதாகிக்கொண்டே போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது போலிருக்கிறது. அப்புறம் ஓய்ந்துவிட்டேன். நேற்று போர்த்தியபோது கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா.

போர்த்திய கையோடு அந்தப் பாட்டையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். சரணம் முடியும் இடம் வந்தது. முதல் ‘அம்மா’ வில்லில் வந்துவிட்டது. அடுத்ததற்குக் கை எழவில்லை. வில்லை மடியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் உங்கள் பேரைப் பாடினேன். “தம்பி, நீ வாசி, பாடிறாத லா” என்று நீங்கள் கேலி செய்த அதே தகரக் குரல்தான். ஆனாலும் பேர் தாளத்தில் இடிக்காமல் உட்கார்ந்தது.

மிருதங்கம் நின்றுவிட்டது. தலைவர் என் பக்கம் குனிந்து, “அது யாரு பேருண்ணே?” என்றார்.

போன மாதத்திலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி. சொன்னேன். நம்பினாரா, தெரியவில்லை.

இனி எங்கே வாசித்தாலும் அந்த இடத்தில் என் வில் நிற்கும். அங்கே வாயால்தான் சொல்ல வேண்டும் அக்கா. பொய்யைச் சொன்னதும் இந்த வாய்தானே.